ஐந்தாம் மாடிக் கயிறு

ரங்கூனில் இதை விளக்குவது சுலபம்.
எங்கள் தெருவில் பால்கனிக்குப் பால்கனி
ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே மணி.
கீழே நிற்பவர் இழுத்தால் மேலே இருப்பவர் எட்டிப் பார்ப்பார்.
காசு இறங்கும், மொஹிங்கா பொட்டலம் ஏறும்.
ஐந்து மாடி ஏற ஆள் வேண்டாம்.
செயலியும் சர்வரும் இவ்வளவுதான் என்றேன்
மருந்துக்கடை மா கின் ஏயிடம்.

"கயிறு அறுந்தால்?"

வேலை அங்கேதான் ஆரம்பம்.

இங்கே அது அறுந்துதான் கிடக்கும்.
காலையில் நெட் வரும், மத்தியானம் போகும்,
சில வாரம் போனது போனதுதான்.
ஆகையால் போனுக்குள்ளேயே ஒரு கல்லாப்பெட்டி வைத்தேன்:
எந்தக் கடையில் எத்தனை இன்சுலின் குப்பி,
யார் எழுதியது, எத்தனை மணிக்கு.
அனுப்ப வேண்டியவை வரிசையில் நிற்கும்,
கயிறு ஆடியதும் ஒவ்வொன்றாய்ப் போகும்.
ஒரே குப்பியை இரண்டு கடைகள் எழுதிவிட்டால்
கடைசியாக எழுதியவர் சொல்லே செல்லும் என்று
முதலில் விதி வைத்தேன்.
தாமுவேயில் ஒருவர் வெறும் கையோடு திரும்பினார்.
இப்போது அது தானாக முடிவெடுப்பதில்லை,
மனிதரைக் கேட்கிறது.

எழுத்து வேறு தகராறு.
பழைய போன்களில் பர்மிய எழுத்து
கண்ணில் படும் வரிசையிலேயே பதிந்திருக்கும்,
புதியவற்றில் வாயில் வரும் வரிசையில்.
நம் ஒற்றைக்கொம்பு மாதிரி,
முன்னால் நிற்கும், பின்னால் பிறந்தது.
தெரியாமல் கலந்தால்
மருந்தின் பெயர் கட்டம் கட்டமாய்ச் சிதறும்.
மூன்று இரவு அதற்கே போயிற்று.

பாடத்தில் ஒரு படம் உண்டு:
பிறப்பு, தொடக்கம், இடைநிறுத்தம், அழிவு.
அடியில் பொடி எழுத்தில்:
அழிவதற்கு முன் தகவல் வரும் என்று நம்பாதே.
நினைவகம் குறைந்தால் அமைப்பு
பின்னால் காத்திருப்பவற்றை ஒவ்வொன்றாய்க் கொல்லும்.
யாரென்று கேட்காது, கடைசி வார்த்தைக்கு இடம் தராது.
எனவே திரை திரும்பிய கணமே
கையில் இருப்பதையெல்லாம் எழுதி வைத்துவிடு.

இதை நான் போனுக்காகத்தான் படித்தேன்.

மா கின் ஏ முதல் பதிப்பைத் திறந்தாள்.
ஒரு பெட்டி எழும்பியது:
உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா?
விரலை நடுவில் நிறுத்தினாள்.
"நான் எங்கே இருக்கிறேன் என்பது இதற்கு எதற்கு?"
அருகிலுள்ள கடையைக் காட்ட, என்றேன்.
"கடை எங்கே என்று எனக்குத் தெரியுமே."
பிறகு மெதுவாக,
"பாலத்தில் போனை வாங்கிப் பார்க்கிறார்கள்."

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை நீக்கினேன்.
அதை நம்பியிருந்த நானூறு வரிகள் சிவந்தன.
அவற்றையும் நீக்கினேன்.
தொடர்புப் பட்டியல், கேமரா, மைக்,
சும்மா இருக்கட்டுமே என்று கேட்டு வைத்தவை,
எல்லாவற்றையும்.
செயலி ஆறு எம்பிக்கு இளைத்தது.
தெருப் பெயரைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.
அசிங்கம்தான்.

நேற்று ஒன்றேகாலுக்கு மின்சாரம் வந்தது.
அரிசிப் பானையும் லேப்டாப்பும் ஒரே பிளக்கில்.
ஐந்தேகாலுக்குப் போவதற்குள் கட்டி முடித்து
சவரிராயனின் போனில் ஏற்றினேன்.
அவன் மருந்து கொண்டு போகிறவன்,
சைக்கிளில், ஒரு கையால்தான் எதையும் தொடுவான்.
சோதித்துச் சொல் என்றேன்.
இன்று முழுக்க நெட் இல்லை. அவனிடமிருந்து ஒன்றும் இல்லை.
போனை ஏழெட்டு முறை திருப்பிப் பார்த்திருப்பேன்.

இருட்டிய பிறகு மணி அடித்தது.
வீடே அசையாமல் நின்றது.
எட்டிப் பார்த்தேன்: கீழே சைக்கிள் விளக்கு ஒன்று
தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.
கயிற்றை இழுத்தேன்.
கிளிப்பில் மருந்துச் சீட்டின் பின்பக்கம்,
பேனா மை வேர்வையில் ஊறி:

எல்லாம் ஓடுகிறது.
சேமி பொத்தான் சின்னது.
என் கட்டைவிரல் பெரியது.