வரப்பு அளந்த மாலை

ஆலத்தம்பாடியில்
பங்காளிகள் நடுவே ஒரு முழ வரப்பு.
கம்பத்தை ஊன்றினேன்.
எல்லைக்கல்லை முதலில்
தியாகேசன் நாற்றுக்குள் காட்டியது கருவி,
அடுத்த நொடி வைரக்கண்ணு பக்கம்,
பிறகு நடுவாய்க்காலில்.

முந்தாநாள் சூரியன் உமிழ்ந்த காற்று
பூமியின் காந்த வேலியை
நெருக்கிக்கொண்டிருக்கிறது.
உச்சியில் அயனி மண்டலம்
மடை பிடுங்கிய நீராய்ச் சுழிக்க,
செயற்கைக்கோள் சொல்லியனுப்பிய நேரம்
தடுக்கித் தடுக்கி வருகிறது.

இதை எந்தப் படிவத்தில் எழுத?
குறிப்புப் பத்தியில்
'வானம் கலங்கல்' என்றேன்.
எட்டிப் பார்த்த வைரக்கண்ணு
அண்ணாந்தார்:
"ஒரு பொட்டு மேகமில்லையே, சார்?"
தியாகேசனும் அண்ணாந்தார்.
ஆறு வருஷத்தில் முதல்முறையாக
இருவருக்கும் ஒரே சந்தேகம்,
என்மேல்.

காலடியில் வரப்பைத் துளைத்த நண்டு
இந்த வயல் தண்ணீரை
அந்த வயலுக்கு
விட்டுக்கொண்டிருந்தது.