காலி எடை

ஞாயிறு. எண்ணூர் சாலையில் லாரி குறைவு.
அறுபது டன் தாங்கும் என் எடைமேடையில்
ஒரு மட்டக்குதிரை நிற்கிறது.
பெயர் சில்லறை.

நூற்று எண்பது, என்கிறது திரை.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நூற்று எண்பத்து நாலாகவும் இருக்கலாம்.
யூனிஸின் பள்ளி அட்டையில் இருபத்தொன்பது.
தன் எடையில் ஆறில் ஒரு பங்கு சுமக்கும் என்கிறார் தஸ்தகீர்.
முப்பது. சரி.
"சேணம்?" என்றேன்.
பீடியைக் கிள்ளி அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"சின்னதும்மா. கொயந்த மாரி."

எனக்குப் பயமே அதுதான்.
குழந்தைகள் கடிக்கும்.
பிடிக்காததைச் சொல்ல வார்த்தை இல்லாதபோது
தரையில் உட்கார்ந்துவிடும்.

உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.
விழுந்தால் நாற்காலியிலிருந்து விழுந்த மாதிரிதான்,
அதை ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் பெரியவர் யாரும் இதன்மேல் ஏறித்
தப்பைத் திருத்தியிருக்க முடியாது.
ஏழு வருடமாகக் கடற்கரையில்
பிள்ளைகள் இழுத்த இழுப்பெல்லாம்
வாயோரத்தில் தழும்பாக இருக்கிறது.
கால்களைத் தூக்கிப் பார்த்தேன், லாரி டயரைப் பார்ப்பதுபோல.
முன்னங்கால் இரண்டும் கொடுத்தது.
பின்னங்காலுக்குக் காதை மடக்கியது.

யூனிஸ் ஏறினாள்.
ஒன்பது வயது. இதற்கு முன் ஏறியதெல்லாம்
அவள் அப்பாவின் ஸ்பிளெண்டர்தான்.
கருங்கல் கரையோரம் நடந்தது, அழகாகத்தான்.
நான் கூடவே எண்ணிக்கொண்டு போனேன்.
நாற்பதாவது அடியில் நின்று
தானாகத் திரும்பியது.

மறுபடி. நாற்பது. திரும்பியது.
குதிகாலால் தட்டினாள், கடிவாளத்தை இழுத்தாள்,
"போ சில்லறை" என்று கெஞ்சினாள்.
முப்பது ரூபாய்க்கு நாற்பது அடி;
அதற்குமேல் அது யாருக்கும் கடன்பட்டதில்லை.

இவள் ஓட்டுகிறாளா,
இல்லை, பையைப் போலத் தொங்குகிறாளா?
கற்றுக்கொள்ள வருகிறவளுக்கு
எல்லாம் தெரிந்த குதிரை நல்லதா?
தெரிந்ததை மட்டுமே செய்யும் குதிரை நல்லதா?
கேட்க எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.
தெரிந்த ஒரே ஆள் விற்க வந்திருக்கிறார்.

அப்போது துறைமுகப் பக்கமிருந்து வந்த
கண்டெய்னர் ஒன்று எங்கள் முதுகிலேயே ஹாரன் அடித்தது.
பதினோரு வருடமாக இந்த ஹாரனில் சோறு தின்கிறேன்,
நான் துள்ளினேன்.
சில்லறை வாலை ஒரு தடவை ஆட்டியது,
ஈயை விரட்ட.

யூனிஸ் இறங்கிவிட்டாள். யாரும் சொல்லவில்லை.
கயிற்றைத் தளர்த்தி முன்னால் நடந்து
நாற்பத்தொன்றாவது அடியில் போய் நின்றாள்.
இழுக்கவில்லை. கூப்பிடவில்லை.
செருப்பால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்,
பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
ஒரு கப்பல் நகர்ந்த தூரம் நேரமாயிற்று.
மூக்கை நீட்டிக் காற்றை மோந்தது.
ஒரு கால் வைத்தது.
உடனே பின்வாங்கிக்கொண்டது.

"பாத்தியாம்மா" என்றாள்.
நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.
அடுத்த வருடம் முப்பத்திரண்டு கிலோ இருப்பாள்.
அதற்கடுத்த வருடம் அவள் கால்
தரையைத் தொட்டுவிடும்.
பதினெட்டாயிரம் என்பது
வீட்டு அட்வான்ஸில் பாதி.

"இன்னாம்மா, முட்ச்சிக்கலாமா?"

மூன்று ஞாயிறுக்கு வாடகை கொடுத்தேன்.
சேணம் வேண்டாம், சாக்குத்துணி போதும் என்றேன்.
பாலத்து நிழலில் மூன்று பேரும் போனார்கள்,
யூனிஸ் மேலே இல்லை, பக்கத்தில்.

மேடையில் கொஞ்சம் லத்தி கிடந்தது.
திரையில் பூஜ்யம்.
காலையில் போட்ட சீட்டு இன்னும் திறந்தே இருந்தது:
முதல் எடை நூற்று எண்பது.
சரக்கு என்ற கட்டத்தில் எதையாவது நிரப்பாமல்
அது அச்சாகாது.
லாரிக்காரர் சிலர் மூன்று நாள் கழித்தும் வருவார்கள்,
அவர்களுக்குச் செய்வதையே செய்தேன்.
இரண்டாம் எடை பாக்கி
என்று சேமித்துவிட்டு
துடைப்பம் தேடினேன்.