ஓஸ் இழுப்பவள்

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் ஜீப் நிற்கும்போது
மணி ஆறேகால்.
பதினேழு பேர். என் மடியில் இன்னொருத்தியின் தூக்குச்சட்டி.

ஏலத்தோட்டத்தில் மருந்து கலக்குவது சுருளிவேல்.
கேனைத் திறப்பான், டிரம்மில் ஊற்றுவான்,
மூச்சை அடக்கிக்கொண்டு விலகுவான்.
அரை நிமிடம்.
அடிப்பது மொக்கராசு; அவனுக்கு நூறு ரூபாய் கூட.
பத்தடி பின்னால், செடியில் சிக்காமல்
ஓஸை இழுத்துக்கொடுப்பது நான்.
என்மேல் விழுவதை மருந்தென்றுகூடச் சொல்ல முடியாது.
சாரலுக்கும் சாரல்.
ஏழரையிலிருந்து இரண்டு மணிவரை.

போன ஆடியில் கேன் வழுக்கி
சுருளிவேலின் தோள் நனைந்தது.
கால் மணி நேரத்தில் வாயில் நீர் ஒழுகி
கண்மணி கடுகாய்ச் சுருங்கிப்போனது.
கட்டப்பனையில் ஊசிமேல் ஊசி போட்டு மீட்டார்கள்.
ஆப்பிள் வாங்கிப்போய்ப் பார்த்தோம்.
அவனுடைய சீட்டில் விஷம் என்று எழுதியிருந்தது.

எனக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை.
எந்தத் தேதியைக் காட்டுவேன்?
ஊசியில் நூல் ஏறவில்லை.
டம்ளர் உதட்டுக்கு வருமுன் பாதி சிந்துகிறது.
கம்பம் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்,
ஒரு நாளைக்கு எவ்வளவு படும்?
கொஞ்சந்தான், என்றேன்.
கொஞ்சம் என்று எழுதிக்கொண்டார்கள்.
எத்தனை வருடம் என்று கேட்டிருந்தால்
ஒன்பது என்றிருப்பேன்.

அன்று ராத்திரி பிள்ளையின் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன்.
அவனுக்கு: தோள் நிறைய, கால் மணி நேரம்.
எனக்கு: துளிக்கும் குறைவு, ஆறரை மணி,
வாரம் ஆறு நாள்.
ஞாயிறன்று உடம்பு கொஞ்சம் கழுவித் தள்ளுமாம்;
அது முடிப்பதற்குள் திங்கள் வந்துவிடுகிறது.
எங்கே கழிப்பது என்று தெரியாமல்
கணக்கை அப்படியே விட்டேன்.
அளவுக்கு மிஞ்சினால் என்று சொல்லிவைத்தவர்கள்
மணிக்கணக்கைச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் பேபிச்சனுக்கு இந்தக் கணக்கு தெரியும்.
ஸ்டோரில் காய் உணக்கும்போது
விறகைக் கூட்டப்போனவனைத் திட்டுவார்:
"தீயைக் குறைடா, காய் வெடிச்சுப்போகும்.
சூடு கொஞ்சம் மதி. இருபது மணிக்கூர் விடு.
தானே உள்ளே இறங்கும்."
இறங்கத்தான் செய்கிறது.
குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும்.
மேலே பச்சை மட்டும் மாறுவதேயில்லை.

திரும்பும் ஜீப்பில்
என் கையிலிருந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு
வீருசின்னம்மா சொல்கிறாள்:
ஒம்போது வருசமாப் பாக்குறேன்,
நீ அப்படியேதான்டி இருக்க.