சாவியைத் தின்ற மான்

அந்தச் சாவியை ஒருமுறைதான் காட்டும்.
நாற்பது எழுத்து. ஜன்னலை மூடினால் போச்சு.
ஐஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதிப்
படியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கை நீட்டினேன்.
உட்துறைமுக வீதியில்
மானுக்குத் தப்பிய காகிதம் இல்லை.
கொம்பில்லாத ஒன்று
என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது.

முதலாவது சாவி இப்போது
கோட்டைக்குள் எங்கேயோ புல்லோடு அரைபடுகிறது.
செல்லாது என்று அடித்துவிட்டு
இரண்டாவதை எடுத்தேன்.

*

எங்கள் கதையெல்லாம் எங்கள் மேசைக்குக் கீழேதான்:
ஒரு பழைய கணினி, படகில் கழற்றிய பற்றரி,
மழைக்கு மட்டும் முனகுகிற காற்றாடி.
ஐஸ் அறை, கொட்பே இறங்குதுறை, லொறி, கணக்கு என்று
பதினொரு பேர் நாள் முழுக்க எழுதுவது அத்தனையும்
அந்தப் பெட்டிக்குள்.
வேறொருவன் வீட்டில் வைக்கமாட்டேன் என்று
மூன்று வருசத்துக்கு முன் அடம்பிடித்தவள் நான்.
இப்போது நானே ஒரு புது ஆளுக்குக்
கதவு வெட்டுகிறேன்.

வாசிக்கலாமா? ஓம்.
எழுதலாமா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும்.
அழிக்கலாமா? இல்லை.
எந்தெந்த அறைக்குள்?

அதில் கை நின்றது.
கடலில் இறங்க ஒரு அட்டை,
கரையேற ஒரு கையெழுத்து.
அப்பாவின் சேட்டுப் பையில்
அந்த அட்டையை வைத்துவிட்டது நான்தான், ஒன்பது வயதில்.
முத்திரை குத்துகிற பக்கத்துக் கதிரை
இவ்வளவு சொகுசென்று
யாரும் சொல்லவில்லை.

ஜெசிந்தா கணக்கு மேசையிலிருந்து தலை தூக்காமல்
"எங்கட அறைக்குள்ள வேண்டாம்" என்றாள்.
நாங்கள் மூன்று பெண்கள் மட்டும் கதைக்கிற இடம்.
என்ன கதைக்கிறோம் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.
விட்டுவிட்டேன்.
அதே பெட்டிக்குள்தான் அது குடியிருக்கிறது.
அப்படி ஒரு அறை இருப்பதே அதற்குத் தெரியாது.

*

முதல் இரவு
தன் பதிலைத் தானே கேள்வியென்று எடுத்து
நன்றி என்றது.
நன்றிக்கு நன்றி என்றது.
விடியப்புறம் நாலு மணிக்கு ஐஸ் அறைக் காவலிலிருந்து
நிஃமத் ஃபோன் எடுத்தான்:
"அக்கா, உங்கட ஆள் தனக்குத் தானே
மரியாதை செய்துகொண்டு நிக்குது.
முன்னூற்றுப் பன்னிரண்டாம் தரம்."

உன் குரலுக்கு நீ திரும்பாதே.
ஒரே ஒரு வரி. அதை எழுதி முடிக்க
வெளிச்சம் வந்துவிட்டது.

பிறகு நிலங்க தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்:
"ஐஸ் இறங்கிட்டுதா?"
பனிக்கட்டியின் விலை இறங்கியதாக
எனக்குத் தகவல் இல்லை, ஐயா.
அன்று முழுக்க அவனை எல்லோரும்
ஐயா என்றே கூப்பிட்டோம்.

*

மூன்றாம் கிழமை காற்று மாறியது.
ஏழு போட் வந்தது. சகாயநாதன் அண்ணையின்ரது வரவில்லை.
இரவு ஒன்றரைக்கு, ஆரிடம் கேட்பதென்று தெரியாமல்,
அவரின் மருமகன் அதனிடம் கேட்டிருக்கிறான்.

தெரியாது, என்றது.
நேற்றுப் பிற்பகல் 3.40க்குப் பிறகு
அந்தப் படகைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை.

தெரியாவிட்டால் தெரியாதென்று சொல் என்று
அதற்குச் சொல்லிவைத்ததும் நான்தான்.
இந்த ஊரில் நாங்கள் ஏறி இறங்கிய கந்தோர்களில்
ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.
நாளைக்கு வாங்கோ என்பார்கள்.
பெடியன் அந்த வரியைப் பார்த்தபடியே
இருந்திருக்கிறான், ஃபோன் சார்ஜ் தீரும்வரை.

ஐந்தரைக்குப் போட் வந்தது,
எஞ்சின் செத்து, இன்னொன்றின் கயிற்றில்.
எல்லோரும் கொட்பேக்கு ஓடினோம்.
ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.
அழுதவர்களும் திட்டியவர்களும்
இறங்குதுறையில் நேருக்கு நேர் நின்றார்கள்.

அடுத்த நாள் மத்தியானம்
கணக்குப் பார்க்கத் திறந்தபோதுதான் கண்டேன்:
அதன் கடலில்
அந்தப் படகு இன்னும் வரவில்லை.

வந்திட்டுது, என்று எழுதினேன்.

நன்றி என்றது.
ஒரு தரம்.