வரிசை நாற்பத்து நான்கு

"எண்பத்தஞ்சுக்குக் கீழே
ஒருத்தரையும் அனுப்பாதீங்க."
பெங்களூரிலிருந்து போன்.
ஆலோசனைக் கம்பெனி.
யாருக்கு, என்ன ஆலோசனை?
காட்பாடிக் கல்லூரியின் இந்த வேலைவாய்ப்பு அறையில்
பதினோரு வருஷம் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாது.
சம்பளம் தெரியும்.
தாளில் அடித்து ஒட்டுவது நான்தான்.

எக்செல்லில் ஒரு புனல் படம் இருக்கிறது.
அதை அமுக்கி எண்ணைக் கொடுத்தால்
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
முப்பத்தெட்டு பேர் ஆவார்கள்.
சத்தமே வராது.
இடது ஓரத்து எண்கள் மட்டும் நீலமாகித் தாவும்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு.
நடுவில் மூன்று பேர் எங்கும் போய்விடவில்லை.
அங்கேயேதான் இருக்கிறார்கள்,
உயரம் இல்லாமல்.

நாற்பத்து நான்கு, தில்ஷாத், பேர்ணாம்பட்டு.
பத்தில் தொண்ணூற்று மூன்று.
கல்லூரியில் ஒன்பது புள்ளி ஒன்று.
பன்னிரண்டில் எழுபத்தொன்பது.
"கெமிஸ்ட்ரில ரெண்டு பக்கத்தை ஒண்ணா திருப்பிட்டேன் சார்.
வெளிய வந்தப்புறம் பக்கத்து பொண்ணு கேக்குறா,
முப்பத்தி ஒண்ணுக்கு இன்னா எழுதுனேன்னு.
எந்த முப்பத்தி ஒண்ணுன்னு கேட்டேன்."
சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள்:
"அதுல போனது பதினஞ்சு மார்க்தான்.
மீதியெல்லாம் நெசமாவே தெரியாதது."

சித்திரை வெயில். ஏசி அறைக்குள்
கோட்டு போட்டு மூன்று பேர்.
டீ கொண்டுபோனபோது காதில் விழுந்தது:
"வேலூரில் மொத்தம் எத்தனை லாட்ஜ் அறைகள் இருக்கும்?
தோராயமாகச் சொல்லுங்கள்."
தொண்ணூற்றாறு வாங்கிய பையன்
ஜனத்தொகையில் ஆரம்பித்தான்.
ஆயிரத்தால் வகுத்தான், குடும்பத்தால் வகுத்தான்,
வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சதவீதம் வைத்தான்.
வகுத்த விதம் அழகு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஆரணியிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவன்.
அவன் மார்க்கும் மரத்தில் காய்த்ததில்லை.

மூன்றரை மணிக்கு ஒருவன்
வேறு கம்பெனி கிடைத்துவிட்டது என்று விலகினான்.
"அடுத்த பேரை அனுப்புங்க."
அடுத்தது எண்பத்து நான்கு புள்ளி ஆறு. யுவராஜன்.
அதையும், புனலைக் கழற்றி
இன்னொன்றையும் அனுப்பினேன்.
"இந்த ரெண்டாவது யார்?"
"ஒட்டிக்கினு வந்துட்டுது சார்" என்றேன்.
வாய்க்கு வந்தது அதுதான்.

அதே கேள்வி.
"சனி, ஞாயிறு ராத்திரி நான் லாட்ஜ் ரிசப்ஷன்ல இருக்கேன் சார்,
ஆஸ்பத்திரிக்கு எதிர்ல" என்று தொடங்கினாள்.
"ரூம் கணக்கு வேணுமா, கட்டில் கணக்கா?
ஒரு ரூம்ல அஞ்சு பேரு, ரெண்டு ஸ்டவ்.
மாடியில துணி காயற எடத்துலயும் பாய் போட்டுக் குடுப்பாங்க.
காலையில எல்லாருக்கும் சுடுதண்ணி வேணும்.
அதை பெங்காலில கேப்பாங்க, நானும் பெங்காலில இல்லன்னுவேன்.
ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட்டுனு எனக்குத் தெரியும்.
அங்கேர்ந்து வரட்டுமா?"

கோட்டுக்காரர் பேனா மூடியைத் திறந்தார்.
அவள் பக்கெட்டிலிருந்து கட்டிலுக்கும்
கட்டிலிலிருந்து அறைக்கும் போய்
நாலாயிரத்து இருநூறு என்றாள்.
அவர் எழுதிக்கொண்டார்.
பிறகு தாளைத் திருப்பி,
"பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும் ஏன்..." என்று கேட்டார்.
காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு
நான் வெளியே வந்துவிட்டேன்.

பட்டியல் வெள்ளிக்கிழமை வரும்.
மார்க் முக்கியமா சார் என்று
முதலாமாண்டுப் பசங்க கேட்டால்
இதுவரை ஆமாம் என்றுதான் சொல்லி வந்தேன்.
நாளைக்கும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி
வீட்டுக்குப் போகாமல்
ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சந்துகளில்
போர்டுகளை எண்ணிக்கொண்டு நடந்தேன்,
பெங்காலி எழுத்துப் போட்டவை தனியாக,
போடாதவை தனியாக.
லாட்ஜுக்கு இருபது அறை என்று வைத்தால்...
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு வாட்ச்மேன் எழுந்தார்.
"ரூமா சார்? பேஷண்ட் யாரு?"
எத்தனையில் விட்டேன் என்பது மறந்துபோனது.