அளவுகோல்

ஒன்பதாம் எண் குடிலை வாங்கியபோது
சாவியோடு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் தந்தார்கள்.
ஞாயிறு காலை எட்டு மணிக்கு
படகுத்துறையோரம் நட்ட கம்பில்
நீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்த்து
எழுத வேண்டும்.
ஒன்பதாம் எண்ணின் கடமை அது.
ஏழாம் எண்ணுக்குக் குப்பைத்தொட்டி,
பதினான்காம் எண்ணுக்கு வேலிக்கதவின் பூட்டு.

மெக்லன்பூர்க் ஏரிகளில் இது சின்னது,
வரைபடத்தில் ஒரு மிளகு.
இருபத்திரண்டு மரக் குடில்கள், ஒரு சங்கம்,
சங்கத்துக்கு ஒரு முத்திரை.
எனக்கு முன் இருந்தவரின் கையெழுத்தில்
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பது.
ஒரு ஜூலையில் மட்டும் இருபத்தாறு,
பக்கத்தில், "வெயில்."
பதினேழு வருடத்தில் அவர் சொன்ன ஒரே சொல்.

பிறகு பீபர் வந்தது.

நம்மிடம் அதற்குப் பெயரில்லை.
நீர்நாய்க்கு மருதத்தில் இடம் ஒதுக்கியவர்கள்
பல்லால் மரம் வெட்டி
ஓடும் நீரை மறிக்கும் ஒன்றைக் கண்டதில்லை.
வவுனியாவிலிருந்து தம்பி கேட்டான்
எலியா, நாயா என்று.
நீர்ப்பாசனத் திணைக்களம் என்றேன்.

ஏரி வடியும் வாய்க்காலை
மூன்றே இரவில் அடைத்துவிட்டது.
நாற்பத்து நான்கு.
ஐம்பத்தொன்று.
மூன்றாம் எண்ணில் ரோஸ்விட்டா ருஷ்கேயின்
தரைப்பலகைகள் வீங்கின, கதவு சாத்த மறுத்தது.
வடகரையில், அதே நீர் ஏறிய புல்லில்,
ஆண் தவளைகள் நீலமாயின.
மைக்கூட்டில் தோய்த்தெடுத்த நீலம்.
நாலைந்து நாள்தான், பிறகு பழைய பழுப்பு.

ஏப்ரல் கூட்டத்தில் ஒட்மார் க்ளீவே
தவளைப் படத்தைக் கையிலிருந்து கைக்கு அனுப்பினான்.
ருஷ்கே தன் செருப்பைக் கழற்றி
மேசைமேல் வைத்தார். சொட்டியது.
மாவட்ட அலுவலகத்துக் கடிதத்தை வாசித்தார்கள்:
விலங்கைத் தொடக்கூடாது,
அணையைக் கலைக்கக்கூடாது,
நீர் எழுபதைத் தொட்டால்
அணையூடே ஒரு குழாய் வைக்கலாம்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் என் வீட்டுக்கு இரண்டு கேக் வந்தன.
ருபார்ப் கேக் ருஷ்கேயுடையது. எதுவும் கேட்காமல் போனார்.
கசகசாக் கேக்கோடு வந்த ஒட்மார்
"அறுபத்தொன்பதும் நல்ல எண்தான்" என்றான்.

ஞாயிறு, எட்டு மணி, காற்று.
அலை இறங்கினால் அறுபத்தொன்பது,
ஏறினால் எழுபத்தொன்று.
பலகையில் முழந்தாளிட்டுக் காத்திருந்தேன்.
முக்குளிப்பான் ஒன்று மூழ்கி
நான் பார்க்காத இடத்தில் எழுந்தது.
எழுபது என்று எழுதினேன்.
பக்கத்தில், "காற்று."

குழாய் வைத்தார்கள்.
ஐம்பத்தெட்டுக்கு வந்தது நீர்.
தவளைமுட்டையில் பாதி
புல்மேல் தங்கிவிட்டது, வெயிலில், கஞ்சிபோல.
ஒட்மார் வாளியோடு நின்றான். நானும் போனேன்.
அள்ளி இடம் மாற்றவும் அனுமதி வேண்டுமாம்;
கேட்கவில்லை.
இரண்டு கையாலும் கோதி எடுத்தால்
விரலிடுக்கால் வழுகி, திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.
அவன் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நடைக்கு ருஷ்கேயும் வந்தார்,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
தன் வீட்டுக் கதவு இப்போது சாத்துகிறது என்று
யாரிடமும் சொல்லாமல்.

அடுத்த ஞாயிறு, கம்பைக் காணோம்.
நீருக்கடியில் அரைச் சாண் கட்டை,
பென்சில் சீவியதுபோல் நுனி.
அணைவரை நடந்தோம்.
சேற்றுக்கும் ஆல்டர் கிளைகளுக்கும் நடுவே
குழாயின் வாயை அடைத்தபடி
சிவப்பும் வெள்ளையும்,
தலைகீழாய் நாற்பது.
முதலில் சிரித்தது ருஷ்கே.

சங்கம் புதிது வாங்கியிருக்கிறது.
கம்பும் சம்மட்டியுமாய் இடுப்பளவு நீரில் நிற்கிறேன்.
பூச்சியம் எங்கே இருந்தது என்று கேட்கிறேன்.
ஒட்மார் கொஞ்சம் மேலே காட்டுகிறான்,
ருஷ்கே கொஞ்சம் கீழே.