நடுவை மறைத்தல்

கரண்ட் போய் ஒன்றே கால் மணித்தியாலம்.
ஜெனரேட்டர் ஐசியூவுக்கு மட்டும்தான் காணும்.
சம்மாந்துறை ஆய்வுகூடத்தில்
நீலத்தைக் குடித்துக் கசரோகக் கிருமி
பச்சையாய் ஒளிர்வதைக் காட்டும் புது மெஷின்
துணி போர்த்திக் கிடக்கிறது.
அலுமாரிக்குப் பின்னாலிருந்து
கோணலிங்கம் தூக்கி வந்தார் பழையதை:
பித்தளைக் கழுத்து, ஒற்றைக் கண்,
காலடியில் ஒரு கண்ணாடி.
பல்லி முட்டையைத் தட்டிவிட்டு
யன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

இரத்தம் இஸ்மாலெவ்வையுடையது.
வயது முப்பத்தெட்டு. இறக்காமம்.
முன்மாரி வெள்ளாமைக்கு வரம்பு கட்டி
ஒன்பதாம் நாள் தொடங்கிய காய்ச்சல், இன்றைக்கு நாலு.
கண் செம்பரத்தை. கெண்டைக்கால் தொட ஏலாது.
துண்டில் டொக்டர் எழுதியிருந்தது ஒரே சொல்:
எலி?

வழமையாக நாங்கள் சாயம் போடுகிறவர்கள்.
மலேரியா என்றால் ஊதா, சளி என்றால் சிவப்பு.
கீழிருந்து வெளிச்சம் ஏறும்,
சாயம் குடித்தது அதை வழிமறிக்கும்,
மறித்த இடம்தான் உரு.
நிழலைப் பார்த்துப் பெயர் எழுதிக் கொடுப்போம்.
இது சாயம் குடிக்காது.
தலைமயிரை நீளவாக்கில் எழுநூறாய்க் கிழித்தால்
அதில் ஒரு கீற்று.
வெளிச்சம் கவனிக்காமலே தாண்டிப் போகும்,
பிரதான வீதியில் லொறி
தும்பியைத் தாண்டுகிற மாதிரி.

ஆகவே வெளிச்சத்தைத்தான் மறிக்க வேண்டும்.
எக்ஸ்ரே படம் சுற்றி வந்த கறுப்புக் கடதாசியில்
ரெண்டு ரூபாக் குற்றியை வைத்துக் கீறி வெட்டினேன்.
கத்தரிக்கோல் மொட்டை. வட்டம் கொஞ்சம் கோணல்.
"என்ட பேர் போல" என்றார் கோணலிங்கம்.

வில்லைக்குக் கீழே, நடுவில் ஒட்டினேன்.
நேராய் வரும் கதிருக்கு இனி வழியில்லை.
ஓரத்தால் சரிந்து நுழைவது
குழாயைத் தவறவிட்டு வெளியே போய்விடும்.
ஒன்றுமே இல்லையென்றால்
பார்வை முழுக்கக் கறுப்பு.
எதிலாவது இடறி, தெறித்து
மேலே வருகிற வெளிச்சம் மட்டும் எனக்கு.
ஓட்டுத் துவாரத்தால் விழும் வெயிலில்
தூசு தெரிகிறதே, அந்த நியாயம்.
கடதாசி வழுகினால்
பன்னிரண்டு மணிச் சூரியன் நேரே என் கண்ணில்.

பேராதனையில் படிக்கும்போது ஒருமுறை
எலெக்ட்ரன் மெஷின் காட்டினார்கள்.
அங்கே வெளிச்சமே கிடையாது. காற்றும் கிடையாது.
பொருளைக் கொன்று, காயவைத்து,
பொன் பூசி உள்ளே அனுப்பினால்
எறும்பின் கண்ணில் தேன்கூடு.
அழகுதான்.
செத்தது எப்படித் திரும்பும், எப்படி நீந்தும் என்று
அதனிடம் கேட்கக் கூடாது.

இங்கே நீந்துகிறது.

கறுப்பில் சிவப்பணுக்கள் கிரகண வளையங்களாய்.
இடையில் ஒரு வெள்ளி நூல், மிக மெல்லிசு,
தன்னைத்தானே முறுக்கி,
நுனி மட்டும் கொக்கி.
கேள்விக்குறி என்றுதான் அதற்குப் பெயரே வைத்தார்கள்.
பத்து எண்ணுமுன் இல்லாமல் போனது.
மறுகா இன்னொன்று.
இல்லை, அது உறையும் இரத்தம் விடுகிற நார்.
அதுவும் ஆடும், அதுவும் மினுங்கும்.
நார் தள்ளாடும், உயிர் திருகும் என்று
புத்தகம் சொல்லும்.
புத்தகத்துக்கு வியர்வை வழிவதில்லை.

எட்டுக் கண்ணாடித் துண்டு பார்த்தேன்.
மூன்றில் இருக்கிறது.
மூன்றில் இருக்கலாம்.
"சந்தேகத்துக்குரியது, மாதிரி கொழும்புக்கு" என்று எழுதி
வார்டுக்கு ஓடினேன்.
டொக்டர் பஸ்மினா துண்டை வாங்கி மடித்தார்.
ஊசி காலை எட்டரைக்கே போட்டாச்சாம்.
"அந்தக் கண்ணைப் பார்த்த பிறகும்
உங்களுக்காக நிற்க ஏலுமா?"

கோபம் வந்தது உண்மை.
பிறகு நானும் கட்டிலடியில் நின்று பார்த்தேன்.
செம்பரத்தை இல்லை, அதைவிடக் கடும்.
நகக்கண்ணில் வட்டைச் சேறு.
"என்ன கண்ட, பிள்ள?" என்றார்.
"நூல்" என்றேன்.

கொழும்பிலிருந்து பதில் வர இருபத்திரண்டு நாள்.
ஆம் என்றது.
அதற்குள் அவர் வட்டையில், வெறுங்காலோடு,
பாத்திட்டு வந்து கோணலிங்கம் சொன்னார்.
கறுப்பு வட்டம் என் லாச்சிக்குள் கிடக்கிறது,
ஒரு ஓரம் பசை காய்ந்து சுருண்டு.